கழக வீடு: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

சிங்கப்பூரில் சொந்தமாக வீடு வாங்கிய ஒருவரிடம் போய் "நீங்கள் குத்தகைதாரர்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். இருபது, இருபத்தைந்து ஆண்டு தவணை கட்டிய வீடு, பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீடு. ஆனால் பத்திரம் அப்படித்தான் சொல்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, தன் வீடுகளைக் குத்தகைக்குத்தான் விற்கிறது, பெரும்பாலும் 99 ஆண்டுக்கு. மறுவிற்பனையில் வாங்குபவருக்குக் கிடைப்பது அந்த 99இல் மிச்சமிருக்கும் ஆண்டுகள் மட்டுமே. அந்த ஆண்டுகளையும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், எப்படி வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம் என்றில்லை.

வாங்குவோரும் விற்போரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை வைத்து இந்தப் பட்டியல். விதிகள் அவ்வப்போது மாறும். பணம் கொடுக்கும் நாளில் கழகத்தின் இணையத்தளத்தில் இருப்பதே செல்லும்.

வாங்கும்போது செய்ய வேண்டியவை

மிச்சக் குத்தகையை உங்கள் வயதோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறை எவ்வளவு பெரியது, எம்ஆர்டி எவ்வளவு பக்கம் என்று பார்க்கிறார்கள். அதற்கு முன் ஒரு கூட்டல் போட வேண்டும். 2019 மே 10 முதல் நடப்பில் உள்ள விதி இது: வாங்குபவர்களில் ஆக இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிச்சமிருந்தால்தான் மத்திய சேம நிதியையும் (மசேநி) கழகக் கடனையும் முழு வரம்புவரை பயன்படுத்தலாம். குறைந்தால் அந்த அளவுக்கு இரண்டும் குறையும். மிச்சக் குத்தகை 20 ஆண்டுக்கும் கீழே போனால் மசேநியிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.

51 ஆண்டு மிச்சமுள்ள ஒரு நாலறை வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 38, மனைவிக்கு 34. முப்பத்துநாலும் ஐம்பத்தொன்றும் எண்பத்தைந்து. பத்தாண்டு குறைகிறது, ஆகவே மசேநியும் கடனும் சுருங்கும், கையிலிருந்து போட வேண்டிய ரொக்கம் கூடும். இதே வீட்டை 47, 45 வயதுத் தம்பதி வாங்கினால் 96 வருகிறது, எந்தக் குறைப்பும் இல்லை. ஒரே வீடு, ஒரே விலை, ஆனால் இளையவர்களுக்குத்தான் சுமை அதிகம்.

இன்னொரு படி மேலே போங்கள். அந்த இளம் தம்பதி பத்தாண்டு கழித்து விற்க வந்தால் மிச்சம் 41 ஆண்டு. முழு வரம்புவரை மசேநி எடுத்து அதை வாங்கக்கூடியவர் 54 வயதையாவது எட்டியிருக்க வேண்டும். அந்த வயதில் புதிதாக வீடு தேடி அலைபவர்கள் எத்தனை பேர்? பழைய வீட்டின் விலை ஏன் கடைசிக் காலத்தில் வேகமாக இறங்கும் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். மலிவாகக் கிடைக்கிறது, இடம் தாராளமாக இருக்கிறது என்று பழைய வீட்டை வாங்குவதில் தவறில்லை. கடைசிவரை இருந்துவிடப் போகிறேன் என்பவருக்கு அது நல்ல வீடு. விற்று லாபம் பார்க்க நினைப்பவருக்கு அல்ல.

எச்எஃப்இ கடிதத்தை முதலில் வாங்குங்கள்.

நீங்கள் வாங்கத் தகுதி உள்ளவரா, எவ்வளவு மானியம், கழகக் கடன் எவ்வளவு என்று மூன்றையும் ஒரே தாளில் சொல்லும் கடிதம் அது. 2023 மே முதல் நடப்புக்கு வந்தது, ஒன்பது மாதம் செல்லும். அது கையில் இல்லாமல் விற்பவரிடம் ஆப்ஷன் பத்திரம், அதாவது வாங்கும் உரிமைப் பத்திரம், வாங்க முடியாது. கணவன், மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் இருவருமே நிரந்தரவாசம் பெற்று மூன்றாண்டு முடிந்திருக்க வேண்டும். கழகக் கடன் கிடைக்காது, வங்கியைத்தான் நாட வேண்டும். முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரியும் உண்டு. 600,000 வெள்ளி வீட்டுக்கு வழக்கமான முத்திரை வரி 12,600 வெள்ளி, அதன்மேல் இந்த 30,000. வீட்டு விலையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இங்கேதான் திக்குமுக்காடுகிறார்கள்.

ஊரில் உள்ள வீட்டைச் சொல்லிவிடுங்கள்.

தஞ்சாவூரிலோ சிவகங்கையிலோ அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு வந்த வீடு, அண்ணன் தம்பிகளோடு சேர்ந்த பங்கு, சென்னையில் தவணையில் வாங்கிய அடுக்குமாடி வீடு எதுவாக இருந்தாலும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். "அது வெளிநாடு, இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது" என்று அறிவுரை சொல்ல எல்லா உறவிலும் ஒரு மாமா இருப்பார். கழக வீடு வாங்கும் நிரந்தரவாசிகள் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் உள்ள தனியார் குடியிருப்புச் சொத்தை ஆறு மாதத்துக்குள் கைமாற்றியாக வேண்டும். குடிமக்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. பங்குச் சொத்து, வழக்கில் கிடக்கும் சொத்து என்றால் கழகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொய் உறுதிமொழியின் விலை வீட்டையே இழப்பதுவரை போகலாம்.

இன ஒதுக்கீட்டைப் பார்த்துவிட்டு வீடு பார்க்கப் போங்கள்.

1989 மார்ச் முதல் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி இந்தியர், மற்றவர்கள் பிரிவுக்கு வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு உச்ச வரம்பு. அது நிரம்பியிருந்தால் சீனரோ மலாய்க்காரரோ உங்களுக்கு விற்க விரும்பினாலும் விற்க முடியாது. இந்தியர் ஒருவரிடமிருந்து வாங்கலாம், ஏனெனில் எண்ணிக்கை மாறாது. நிரந்தரவாசிகளுக்கு இதன்மேல் இன்னொரு வரம்பும் உண்டு: வட்டாரத்தில் 5, புளோக்கில் 8 விழுக்காடு. மலேசிய நிரந்தரவாசிகளுக்கு இந்த இரண்டாவது வரம்பு இல்லை. ஆக, ஜோகூரிலிருந்து வந்த தமிழர் தாண்ட வேண்டியது ஒரு வேலி, திருச்சியிலிருந்து வந்தவருக்கு இரண்டு. புளோக் எண்ணைப் போட்டால் கழக இணையத்தளமே சொல்லிவிடும், ஒரு நிமிட வேலை.

வாங்கும்போது செய்யக்கூடாதவை

கழகத்தின் ஆப்ஷன் பத்திரம் தவிர வேறு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மறுவிற்பனை வீட்டுக்குக் கழகம் தந்த படிவம் மட்டுமே செல்லும். கைப்பட எழுதிய ஒப்பந்தம், "நம்மவர்தானே" என்று கொடுக்கும் முன்பணம் எதற்கும் மதிப்பில்லை. ஆப்ஷன் கட்டணம் ஒரு வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிக்குள். பத்திரத்தை உறுதிசெய்யும்போது கொடுப்பதையும் சேர்த்து மொத்தம் 5,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. ஆப்ஷன் காலம் 21 நாள், வார இறுதியும் பொது விடுமுறையும் அதில் அடக்கம். கடைசி நாள் மாலை 4 மணிக்குக் கதவு மூடிவிடும். அந்த 21 நாளில் விற்பவர் வேறொருவருக்கு ஆப்ஷன் கொடுக்க முடியாது. நீங்கள் மனம் மாறினால் ஆப்ஷன் பணம் திரும்பாது.

மதிப்பீடு வரும் முன் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மசேநியோ கடனோ பயன்படுத்துவதாக இருந்தால் ஆப்ஷன் கிடைத்த மறு வேலைநாளுக்குள் கழகத்திடம் மதிப்பீடு கேட்க வேண்டும். 600,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்ட வீட்டுக்கு மதிப்பு 570,000 என்று வந்தால் இடையில் உள்ள 30,000 வெள்ளி முழுக்க ரொக்கம். அதற்கு மசேநியும் கிடையாது, கடனும் கிடையாது. விலை பேசியபிறகே மதிப்புத் தெரியவரும் இந்த ஏற்பாடு 2014இல் வந்தது. வாங்குபவருக்குக் கொஞ்சம் வயிற்றில் புளியைக் கரைக்கும் ஏற்பாடுதான். அக்கம்பக்கத்து வீடுகள் அண்மையில் என்ன விலைக்குப் போயின என்று கழகத்தின் பதிவுகளில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுவதே இதற்கு மருந்து.

விலையைக் கூட்டி எழுதி, மிச்சத்தைக் கையில் திருப்பித் தருகிறேன் என்பவரிடம் நிற்காதீர்கள். அது குற்றம், வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்தே மாட்டுவார்கள்.

முகவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். கழக வீட்டு விற்பனையில் முகவர் அந்தப் பணத்தைத் தொடவே சட்டம் அனுமதிப்பதில்லை. ஒரே முகவர் இரு தரப்புக்கும் நிற்பதும் தடை. முகவர் கட்டணம் இத்தனை விழுக்காடு என்று சட்டத்தில் எங்கும் இல்லை, பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். முகவர் வைத்துக்கொள்ளாமலே விற்று வாங்கியவர்களும் நிறையப் பேர்.

குடியிருக்கும்போது

கூரை ஒழுகினால் சண்டைக்குப் போகும் முன் செலவுக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"ஆன்ட்டி, எங்க பாத்ரூம் மேல தண்ணி சொட்டுது."

"எங்க வீட்டுல தரை காய்ஞ்சுதானே கிடக்கு தம்பி!"

எந்தப் புளோக்கிலும் கேட்கக்கூடிய உரையாடல். கீழ்வீட்டுக்காரர் கழிப்பறைக் கூரையில் பழுப்பு வட்டத்தைக் காட்டுவார், சுண்ணாம்பு உப்பி உதிர்ந்திருக்கும். மேல்வீட்டம்மா தன் பளபளக்கும் டைல்ஸைக் காட்டுவார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் படலம் வயதாகித் தேய்ந்திருக்கும், அது மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தளத்தின் பராமரிப்பு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுக்கும் பொதுப் பொறுப்பு. கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் சேர்ந்தால் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குப் பாதி போட வேண்டும். "ஒழுகுவது உன் வீட்டில், நீயே கட்டு" என்பதும் தவறு, "மேலிருந்துதானே வருகிறது, முழுச் செலவும் உனது" என்பதும் தவறு. மேல்வீட்டார் கதவையே திறக்க மறுத்தால் கழகத்துக்குச் சொல்லுங்கள். உள்ளே வந்து பார்க்க அதற்குச் சட்ட அதிகாரம் உண்டு.

புது வீட்டில் முதல் மூன்று ஆண்டு கழிப்பறைத் தரை, சுவர் டைல்ஸை உடைக்காதீர்கள். மேலே சொன்ன நீர்த்தடுப்புப் படலத்தைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை. எந்தச் சுவரை இடிப்பதற்கும் முதலில் அனுமதி வேண்டும். புளோக்கைத் தாங்கும் சுவருக்கு அனுமதி கிடைக்கவே கிடைக்காது. வேலையைக் கழகப் பட்டியலில் பதிவான ஒப்பந்தக்காரரிடமே கொடுங்கள். அனுமதி இல்லாத வேலைக்குக் கழகம் கேட்பது குத்தகைதாரரைத்தான்.

வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை உங்களுடையது இல்லை. துளசித் தொட்டி, செருப்பு அலமாரி வைப்பதை நகர மன்றம் கண்டுகொள்ளாமல் விடலாம், ஆனால் ஆட்கள் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தீயணைப்புத் துறை அதில் விட்டுக்கொடுக்காது.

வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம் செய்து விற்கலாம், தமிழ் டியூஷன் நடத்தலாம். ஒரே நேரத்தில் மூன்று மாணவருக்கு மேல் உட்காரவைக்கக் கூடாது.

வாடகைக்கு விடுகிறவர்கள் செய்யக்கூடாதவை கொஞ்சம் அதிகம். ஆறு மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது. சுற்றுலாப் பயணிக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விடுவது அறவே தடை. நிரந்தரவாசிகள் அறை வாடகைக்கு விடலாம், முழு வீட்டையும் விட முடியாது. குடிமக்களும் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்தபிறகே முழு வீட்டை விடலாம். சிலர் ஓர் அறையைப் பூட்டி அதில் தங்கள் பெட்டி படுக்கையை வைத்துவிட்டு, "அறை வாடகைதான், நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்" என்று வேறிடத்தில் குடியிருப்பார்கள். இந்த உபாயம் கழகத்துக்குப் பழசு. இதற்காகவே வீட்டைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

விற்கும்போது

முதலில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும், வீட்டில் குடியிருக்காத காலம் கணக்கில் வராது. 2024 அக்டோபரிலிருந்து 'பிளஸ்', 'பிரைம்' என்று விற்கப்படும் பிடிஓ (கழகம் புதிதாகக் கட்டி விற்கும்) வீடுகளுக்கு இது பத்தாண்டு. அவற்றை விற்கும்போது மானியத்தின் ஒரு பகுதியைக் கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளும், முழு வீட்டை வாடகைக்கு விடுவது பத்தாண்டுக்குப் பிறகும் முடியாது.

விற்பனை எண்ணத்தைக் கழக இணையத்தளத்தில் பதிவு செய்யுங்கள். பதிந்து ஏழு நாள் போனபிறகே யாருக்கும் ஆப்ஷன் கொடுக்கலாம். விண்ணப்பத்தைக் கழகம் ஏற்ற நாளிலிருந்து கைமாற ஏறக்குறைய எட்டு வாரம். அடுத்த வீடு தயாராகவில்லை என்றால் வாங்குபவரிடம் பேசி மூன்று மாதம்வரை தங்க முறைப்படி அனுமதி வாங்கலாம். அதை முதலிலேயே பேசுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் வாங்குபவர் முறைப்பார்.

மசேநிக்குத் திரும்பப் போவதைக் கழித்துவிட்டு லாபத்தைச் சொல்லுங்கள். எடுத்த தொகை மட்டுமன்றி, அது மசேநியிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியும் உங்கள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். இருபது ஆண்டுக்கு முன் எடுத்த 100,000 வெள்ளி இன்று ஏறக்குறைய 164,000. உங்கள் பணம்தான், உங்கள் கணக்குக்குத்தான் போகிறது. ஆனாலும் கையில் ரொக்கமாக வரும் என்று எண்ணி மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பதிவு செய்துவிடக் கூடாது.

இன ஒதுக்கீடு விற்பவரையும் தொடும். சொல்லப்போனால் நம்மவர்களுக்கு அங்கேதான் வலி அதிகம். சீனர் வரம்பு, வட்டாரத்தில் 84, புளோக்கில் 87 விழுக்காடு, நிரம்பிய இடத்தில் தமிழர் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கு அவர்கள் என்பதால் சந்தையின் பெரும்பகுதி ஒரே அடியில் மூடிக்கொள்கிறது. மிச்சமிருப்பவர்களிடம் விலையைக் குறைத்துத்தான் விற்க நேரும். இனங்கள் கலந்து வாழ வேண்டும் என்ற நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. சுமை மட்டும் சிறுபான்மை விற்பனையாளர் தலையில் இறங்குவதுதான் நியாயமாகப் படவில்லை. 2022 மார்ச்சில் அரசாங்கமே இதை ஒப்புக்கொண்டு ஒரு வழி திறந்தது. குறைந்தது பத்தாண்டு வீட்டை வைத்திருந்து, இந்தக் கொள்கையால் விற்க முடியாமல் தவிப்பவர் கழகமே வாங்கிக்கொள்ளும்படி கேட்கலாம். எல்லாருக்கும் கிடைக்காது. கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது. விளம்பரம் போட்டது, பார்க்க வந்தவர்கள், மறுத்த காரணம் எல்லாவற்றுக்கும் பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

'செர்ஸ்' வரும் என்று காத்திருக்காதீர்கள்

பழைய புளோக்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, இழப்பீடும் புது 99 ஆண்டு வீடும் தரும் செர்ஸ் திட்டம் 1995இல் தொடங்கியது. அதை லாட்டரிபோல் நம்பிப் பழைய வீடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த லாரன்ஸ் வோங் 2017 மார்ச்சில் வெளிப்படையாகவே சொன்னார்: அதுவரை செர்ஸுக்குத் தேர்வானது கழக வீடுகளில் 4 விழுக்காடு மட்டுமே.

தேர்வானாலும் எல்லாம் இனிப்பு இல்லை. 2022 ஏப்ரலில் அங் மோ கியோ அவென்யூ 3இல் நான்கு புளோக்குகளுக்குச் செர்ஸ் அறிவித்தபோது, அதே அளவு புது வீட்டுக்குப் பணம் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும் என்று வயதானவர்கள் கலங்கினார்கள். அதன் பிறகுதான் 50 ஆண்டுக் குத்தகையில் மாற்று வீடு என்ற தெரிவு வந்தது. 2018இல் அறிவித்த 'வெர்ஸ்' எழுபது வயதை எட்டும் வீடுகளுக்கு, குடியிருப்பாளர் வாக்களித்து முடிவு செய்வது. நிபந்தனைகள் செர்ஸ் அளவுக்குத் தாராளமாக இருக்காது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்.

குத்தகை முழுதாக முடிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேலாங் லோரோங் 3 சாட்சி. அங்கிருந்த 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. இழப்பீடு இல்லாமல் நிலம் அரசிடம் திரும்பியது. அவை கழக வீடுகள் அல்ல, ஆனால் குத்தகைச் சட்டம் ஒன்றுதான்.

வயதானபின் வீட்டைவிட்டு நகர விரும்பாதவர்கள், 65 வயதுக்குப் பின் குத்தகையின் கடைசிப் பகுதியை மட்டும் கழகத்துக்கு விற்கும் திட்டத்தை விசாரியுங்கள். வீட்டிலேயே இருந்துகொண்டு மாத வருமானம் பெற அது ஒரு வழி.

குடும்பத்துக்காகச் செய்ய வேண்டியவை

கூட்டு உரிமையா, பங்கு உரிமையா என்று பாருங்கள். கூட்டு உரிமை என்றால் ஒருவர் இறந்ததும் வீடு முழுவதும் மற்றவருக்குப் போய்விடும், உயில் வேறு விதமாகச் சொன்னாலும் செல்லாது. பங்கு உரிமை என்றால் இறந்தவரின் பங்கு உயில்படி, உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படி போகும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கீட்டுக்கு ஷரியா விதிகள் உண்டு, முன்கூட்டியே ஆலோசனை கேட்பது நல்லது. வாரிசாக வந்தாலே வீட்டை வைத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. கழகத்தின் தகுதி விதிகளுக்குப் பொருந்தாவிட்டால் விற்க வேண்டிவரும்.

மசேநிப் பணம் உயிலில் அடங்காது, அதற்குத் தனி நியமனம் வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் செய்த நியமனம் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

உரிமையாளரில் ஒருவருக்கு மறதி நோய் வந்து கையெழுத்திடும் தெளிவு போய்விட்டால், மற்றவர் தனியாக வீட்டை விற்க முடியாது. நீண்டகால அதிகாரப் பத்திரம் இல்லாவிட்டால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், பணமும் மாதங்களும் கரையும். அந்தப் பத்திரத்தை நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுத வேண்டும், வீட்டை விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்றும் கேட்டு எழுதுங்கள். அப்பா, அம்மா எழுபதைத் தொட்டிருந்தால் அடுத்த பொங்கல்வரை தள்ளாதீர்கள்; இந்த வாரமே பேச்சை எடுங்கள்.